குக்கரைத் தூக்கிட்டு ஷோரூமுக்குப் போனோம்!

ஒரு சின்னக் கேள்வி. கேம்பஸ்ல செலக்ட் ஆகி, முதல் மாச சம்பளம் அக்கவுன்ட்டுல விழுந்ததும் அம்மாவுக்கு என்ன வாங்கித் தருவீங்க?

எங்க க்ளாஸ்ல இந்தக் கேள்வியைச் சுத்த விட்டேன். பாதிப் பேர் 'பட்டுப்புடவை'ன்னாங்க. நாலு பேர் 'மோதிரம்'. கடைசி பெஞ்ச்ல ஒருத்தன், 'முதல்ல என் அரியர் பேப்பரை க்ளியர் பண்ணித் தர்றேன் மச்சி, அதுவே அவங்களுக்கு கிஃப்ட்டு'ன்னான். நியாயமான பதில்.

எங்க அக்காவும் புடவைதான்னு முடிவு பண்ணியிருந்தா. மூணு மாச சம்பளம் சேர்ந்ததும், பச்சையில அரக்கு பார்டர்னு கலர் வரைக்கும் பேசியாச்சு. அதுக்குள்ள அம்மாவோட விரல் இடுக்குல வெடிப்பு வந்துடுச்சு. முதல்ல தேங்காய் எண்ணெய், அப்புறம் ஏதோ களிம்பு, கடைசியில தோல் டாக்டர். அவர் கையைத் திருப்பிப் பார்த்துட்டு, "சோப்புலயும் தண்ணியிலயும் கை படாம பார்த்துக்கங்கம்மா"ன்னு சொல்லிட்டார். மூணு வேளை சமைக்கிற வீட்டுல அது எப்படி சார் முடியும்? சரி, க்ளவுஸ் வாங்கிக் குடுத்தோம். ரெண்டே நாள். "க்ளவுஸ் போட்டா பிசுக்கு போச்சா இல்லையான்னு எப்படிடா தெரியும்?"னு கழட்டி வெச்சுட்டாங்க.

புடவை கேன்சல். டிஷ்வாஷர்னு அக்கா முடிவு பண்ணினா. எதை வாங்கறதுன்னு பார்க்கிற வேலை யாருக்கு? "நீதான் மெக்கானிக்கல் ஆச்சே!" அவ்ளோதான், மாட்டிக்கிட்டேன். இந்த வாரக் கதை அதுதான். இன்னிக்கு இல்லைன்னாலும் இன்னும் ரெண்டு வருஷத்துல உங்களுக்கும் தேவைப்படும், படிச்சு வெச்சுக்கங்க.

எல்லாரும் முதல்ல என்ன பண்ணுவோம்? கம்பெனி பேரைப் பார்ப்போம், விலையைப் பார்ப்போம், ஸ்டார் எத்தனைன்னு எண்ணுவோம். நானும் அதைத்தான் பண்ணினேன். அங்கேதான் முதல் பல்பு. மெஷினைப் பார்க்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய இடம், ராத்திரி ஒன்பது மணிக்கு உங்க வீட்டு சிங்க்!

ஒரு வாரம் தினமும் சிங்க்ல என்ன கிடக்குதுன்னு நோட்டுல எழுதினேன். அம்மா ஒரு மாதிரி பார்த்தாங்க. 20 வருஷமா தண்ணி குடிக்க மட்டும் கிச்சனுக்கு வந்தவன், திடீர்னு சிங்க் முன்னாடி நோட்டும் பேனாவுமா நின்னா யாருக்கும் டவுட்டு வரத்தானே செய்யும்? ஒரு செவ்வாய்க்கிழமை லிஸ்ட்டை மட்டும் சொல்றேன்: எவர்சில்வர் தட்டு ஆறு, டம்ளர் பதினொண்ணு, டபரா நாலு, அஞ்சு லிட்டர் குக்கர், அதுக்குள்ள வெக்கிற அடுக்கு ரெண்டு, இட்லித் தட்டு நாலு, பால் பாத்திரம், தயிர்க் கிண்ணம், மிக்ஸி ஜார் ரெண்டு, அலுமினிய வாணலி, இரும்பு தோசைக்கல், வத்தக்குழம்பு வெச்ச கல்சட்டி, கரண்டி, ஜல்லிக்கரண்டி, வடிதட்டு, டிபன் பாக்ஸ் மூணு. வீட்டுல இருக்கறது நாலே பேரு! பதினொண்ணு டம்ளர்ல அப்பா பங்கு மட்டும் அஞ்சு. ஒவ்வொரு காபிக்கும் புது டம்ளர்.

இந்த லிஸ்ட்டோட ப்ரோஷரைத் திறந்தா '12 ப்ளேஸ் செட்டிங்', '14 ப்ளேஸ் செட்டிங்'னு போட்டிருக்கு. 14 பேரு சாப்பிடலாம் போலன்னு நினைச்சேன். மேட்டர் அது இல்லை. ஒரு ப்ளேஸ் செட்டிங்னா டைனிங் டேபிள்ல ஒரு ஆளுக்கு வெக்கிற செட்: சாப்பாட்டுத் தட்டு, சூப் தட்டு, ஸ்வீட் தட்டு, கப்பு, சாஸர், கிளாஸ், ஃபோர்க், கத்தி, ஸ்பூன். பெரும்பாலும் தட்டை தட்டையா பீங்கான். அதுல குக்கர் எங்கே? இட்லித் தட்டு எங்கே? நம்ம எவர்சில்வர் தட்டோட விளிம்பு ஒசரமா இருக்கும். பீங்கான் தட்டை நிக்க வெக்கிற பல்லு வரிசைக்குள்ள இதை நிறுத்தினா, ஒண்ணு ரெண்டு இடத்தைச் சாப்பிட்டுடும். அதனால, 14-ங்கிற நம்பரைப் பார்த்து 'நாலு பேருக்கு இது ரொம்பப் பெருசு'ன்னு பின்வாங்காதீங்க. ஒரு நாள் பாத்திரம் மொத்தமும் ஒரே தடவையில போகணும்னா நம்ம சமையலுக்கு அந்த சைஸ்தான் சரி. டேபிள் மேல வெக்கிற எட்டு செட்டிங் குட்டி மெஷின் இருக்கு பாருங்க, நாலு பேச்சுலர்ஸ் ரூம் போட்டு மேகி கிண்டற வீட்டுக்கு அது ஓகே. சாம்பார் வெக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

இந்த மெஷினைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்த ஜோசஃபின் காக்ரேன் கதையைக் கேட்டா இது ஏன்னு புரியும். அமெரிக்காவுல இல்லினாய்ஸ் பக்கம் வசதியான வீட்டு அம்மணி. பீங்கான் பாத்திரம் வேலைக்காரங்க கையில விளிம்பு உடைஞ்சு உடைஞ்சு வருதேன்னு கடுப்பாகி, தட்டு சைஸுக்குக் கம்பியில தனித்தனி அறை பண்ணி, அது மேல சோப்புத் தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிற மாதிரி மெஷின் பண்ணி, 1886-ல் பேட்டன்ட் வாங்கினாங்க. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில அது ஓடிச்சு. ஆக, பொறந்ததே பீங்கான் தட்டுக்காக. அடிப்பிடிச்ச பால் பாத்திரத்தை அவங்க கனவுல கூட நினைச்சிருக்க மாட்டாங்க.

சரி, அப்போ நம்ம பாத்திரம் உள்ளே போகுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சிம்பிள். எடுத்துட்டுப் போனா தெரிஞ்சுடும்!

ஞாயித்துக்கிழமை. பெரிய வயர் கூடையில குக்கர், வாணலி, ஒரு தட்டு, ஒசரமான சொம்பு எல்லாத்தையும் போட்டுக்கிட்டு அம்மா, அக்கா, நான் ஷோரூமுக்குள்ள நுழைஞ்சோம். ஏ.சி-யில டை கட்டி நின்ன சேல்ஸ்மேன் கூடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சார், இங்கேயே சமைக்கப் போறீங்களா?" நல்ல மனுஷன், கிண்டல் பண்ணினாலும் கதவைத் திறந்து விட்டுட்டார். அடுத்த அரை மணி நேரம் நாங்க பண்ணின அலம்பலைப் பார்க்க டி.வி. வாங்க வந்தவங்களே கூடிட்டாங்க.

அந்த அரை மணி நேரத்துல நான் கத்துக்கிட்டது எந்த ப்ரோஷர்லயும் இல்லை. கீழ்த்தட்டுல இருக்கற கம்பிப் பல்லு மடங்குதான்னு பாருங்க. மடங்கலைன்னா குக்கரும் குண்டானும் ஆடிக்கிட்டே நிக்கும். மேல்தட்டை ஏத்தி இறக்க முடியுதான்னு பாருங்க. பாத்திரம் நிறைய இருக்கும்போதே ஒரு கையால ஏத்த முடிஞ்சா இன்னும் நல்லது. கரண்டிக்குன்னு மூணாவதா ஒரு தட்டு மேலே இருக்கும். ஷோரூம்ல பார்க்க அழகு. ஆனா, அது நடுவுல இருக்கற ஒசரத்தைத் தின்னுடும். ஒரு மாடல்ல அந்தத் தட்டு இருந்ததால எங்க சொம்பு முட்டிச்சு. அப்புறம், குக்கரை வெச்சுட்டு கீழே இருக்கற விசிறியைக் கையால ஒரு சுத்து சுத்திப் பாருங்க. அதுல இருந்துதான் தண்ணி பீய்ச்சும். பீய்ச்சற வேகத்துல அதுவே சுத்தும். குக்கர் கைப்பிடி இடிச்சு அது நின்னுடுச்சுன்னா, ரெண்டு மணி நேரம் ஓடியும் பாதிப் பாத்திரம் அப்படியே இருக்கும்.

அம்மா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாங்க. "எல்லாம் குப்புறக் கவுந்து நிக்கணும்டா. அண்ணாந்து இருந்தா தண்ணி தேங்கும்." சேல்ஸ்மேன் ட்ரெய்னிங்ல மூணு நாள் சொல்லித் தந்ததே அதுதானாம்.

இப்போ, இந்தக் கதையிலேயே எனக்குப் பிடிச்ச ஏரியா... தண்ணி! நம்ம ஊர்ல மெஷின் சரியில்லைன்னு திட்டறவங்க பலபேர் வீட்டுல குத்தவாளி மெஷின் இல்லை, போர் தண்ணிதான்.

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா பாஸ்? தண்ணியோட கடினத்தன்மை கண்டுபிடிக்கிற எக்ஸ்பெரிமென்ட். ப்யூரெட்ல இ.டி.டி.ஏ., கூம்புக் குடுவையில தண்ணி, மூக்கைத் துளைக்கிற அம்மோனியா பஃபர், ரெண்டு சொட்டு எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் ரெட் கலர் மாறி ஸ்டீல் ப்ளூ வந்ததும் நிறுத்தணும். நாம என்ன பண்ணினோம்? பக்கத்து பேட்ச் ரீடிங்கைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கி, அன்னிக்கே மறந்துட்டோம். இதெல்லாம் வாழ்க்கையில எங்கே உதவப் போகுதுன்னு கேட்டவங்க லிஸ்ட்ல நான்தான் முதல் ஆள்.

சேல்ஸ்மேன் வீட்டுக்கு வந்தா டி.டி.எஸ். மீட்டரை எடுத்து டம்ளர்ல முக்கி ஒரு நம்பர் சொல்லுவார். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க. டி.டி.எஸ்-ங்கிறது தண்ணியில கரைஞ்சிருக்கற எல்லாத்தோட மொத்தக் கணக்கு. பாத்திரத்துல வெள்ளைப் படிவு விடறது அதுல இருக்கற கால்சியமும் மெக்னீசியமும்தான். அதோட அளவுதான் கடினத்தன்மை. ரெண்டும் வேற வேற. எங்க வீட்டு போர் தண்ணியை ஒரு லிட்டர் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு, லேப்ல அனுமதி கேட்டேன். "சொந்தமாவே எக்ஸ்பெரிமென்ட் பண்ண வந்த முதல் ஆள் நீதாம்பா"ன்னு லேப் அண்ணன் ஆச்சரியப்பட்டார். மூணு தடவை டைட்ரேட் பண்ணினேன், இந்தத் தடவை நெசமாவே! லிட்டருக்கு 480 மில்லிகிராம். குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு, 200 வரைக்கும் நல்லதுன்னும், வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும் சகிச்சுக்கலாம்னும் சொல்லுது. ஆக, நாங்க சகிச்சுக்கற கோஷ்டி. எங்க வீட்டு ஹீட்டர் காயில் ஏன் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

இந்த 480-ஐ வெச்சு என்ன பண்றது? மெஷின் புத்தகத்துல கடினத்தன்மையை ஜெர்மன் டிகிரியில போட்டிருப்பாங்க. ஒரு டிகிரின்னா கிட்டத்தட்ட 17.8 மில்லிகிராம். வகுத்தா 27 டிகிரி. மெஷினுக்குள்ள தண்ணியை மென்மையாக்கற அறை ஒண்ணு இருக்கும். அது எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்னு பாருங்க. 50 டிகிரி வரைக்கும் தாங்கற மெஷின்கள் கிடைக்குது. வாங்கினா மட்டும் போதாது, உங்க வீட்டு நம்பரை மெஷின்ல செட் பண்ணணும். அதைப் பண்ணாம விட்டுட்டு, 'எவர்சில்வர்ல திட்டுத் திட்டா வெள்ளை விழுது'ன்னு புலம்பறவங்க நிறைய.

அங்கே உப்பு போடணும்னதும் அம்மா சிரிச்சுட்டாங்க. "பாத்திரம் தேய்க்க உப்பா?" பாத்திரத்துக்கு இல்லை பாஸ். அந்த அறைக்குள்ள ரெசின்னு குட்டிக் குட்டி மணிகள் இருக்கும். தண்ணியில வர்ற கால்சியம், மெக்னீசியத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு சோடியத்தை விடும். பிடிச்சுப் பிடிச்சு அதுவே நிரம்பிடும் இல்லையா, அப்போ உப்புத் தண்ணி விட்டு அலசினா பழையபடி வேலைக்கு ரெடி. அதுக்குன்னு விக்கிற கல்லு மாதிரி சுத்தமான உப்பைத்தான் போடணும். சமையல் உப்புல அயோடினும், கட்டி பிடிக்காம இருக்கச் சேர்க்கிற பொடியும் இருக்கு. கஞ்சத்தனம் பண்ணிப் போட்டீங்கன்னா அந்த அறை அம்பேல். இன்னொண்ணு, 'எல்லாம் உள்ளே இருக்கு'ன்னு விக்கிற மாத்திரை போட்டாலும், எங்க வீட்டு மாதிரி தண்ணிக்குத் தனியா உப்பு போட்டே ஆகணும்.

அடுத்த ஆப்பு, மொட்டை மாடியில இருந்து வந்தது.

எங்க வீடு மூணாவது மாடி. அதுக்கு மேல மாடி, அங்கே தண்ணித் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்துலேயே இருக்கோம், தண்ணி சும்மா கொட்டும்னு அப்பா நினைச்சுக்கிட்டு இருந்தார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவங்க சிரிச்சிருப்பீங்க. தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவுல எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அழுத்தம். 10 மீட்டருக்குச் சுமாரா ஒரு பார். தரைத்தள வீட்டுக்காரங்க ராஜா. டாப் ஃப்ளோர்காரன்தான் பாவம். ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு மாடிக்கும் கிச்சனுக்கும் அலைஞ்சேன். மெஷின் குழாய்ல இருந்து தொட்டியோட அடி வரைக்கும் 3.9 மீட்டர். 0.38 பார்! கடைசியா பிடிச்சு வெச்சிருந்த ரெண்டு மெஷின்ல ஒண்ணோட புத்தகத்துல குறைஞ்ச அழுத்தம் 0.5 பார்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல 0.3. எங்களுக்கான மெஷினை எங்க வீட்டுத் தொட்டியே செலக்ட் பண்ணிடுச்சு. உங்க வீட்டுல 0.3-க்கும் கீழேன்னா அழுத்தம் கூட்டற சின்ன மோட்டார் ஒண்ணு போடணும். அந்தச் செலவையும் பட்ஜெட்ல சேர்த்துக்கங்க.

இடம்? நல்ல கேள்வி. இந்த மெஷின் 60 சென்டிமீட்டர் அகலம், 60 ஆழம், உயரம் 85 பக்கம். நம்ம பழைய கிச்சன் மேடைக்குக் கீழே கடப்பாக்கல் வெச்சு அறை அறையா தடுத்திருப்பாங்களே, அதுக்குள்ள போகவே போகாது. கல்லை உடைக்க அப்பா ஒத்துக்கலை. வாஷிங் மெஷின் இருக்கற பால்கனிதான் கதி. அதுவும் நல்லதாப் போச்சு. தண்ணி வர்றது, போறது, பெரிய ப்ளக்கு மூணும் அங்கே ஏற்கெனவே இருந்தது. தண்ணியைச் சூடாக்கற காயில் ரெண்டு கிலோவாட் பக்கம் இழுக்கும். மிக்ஸி சொருகற சின்ன ப்ளக்குல மாட்டிடாதீங்க.

விலையை நினைச்சு அப்பா ஒரு வாரம் பேசவே இல்லை. நாங்க பார்த்த பெரிய சைஸ் எல்லாம் முப்பதாயிரத்துக்கு மேலதான் இருந்துச்சு. மாத்திரை, உப்பு, கரன்ட்டு எல்லாம் சேர்த்து மாசம் 600-ல இருந்து 800 ரூபாய்னு அக்கா கணக்குப் போட்டா. "கை நல்லாத்தானே இருந்துச்சு இத்தனை வருஷம்"னு அப்பா ஆரம்பிச்சார். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயை அக்கா காட்டினா. வீட்டு வேலை பார்க்கிற பெண்கள் ஒரு நாளைக்கு அதுக்குச் செலவு பண்றது 299 நிமிஷம், ஆண்கள் 97. அப்பா பேப்பரைப் பார்த்துட்டு, "97 எல்லாம் ஜாஸ்திடா"ன்னார். அது ஒப்புதல் வாக்குமூலம்னு அவருக்கே புரிய ரெண்டு நிமிஷம் ஆச்சு.

உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வர்றாங்கன்னா, மெஷின் வந்து இறங்கறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட பேசிடுங்க. ஒரு வீட்டுச் சம்பளம் திடீர்னு நின்னா அவங்க மாசமே ஆட்டம் கண்டுடும். என் ஃப்ரெண்ட் வீட்டுல, அதே சம்பளத்துக்குக் காய் நறுக்கறது, மெஷின்ல அடுக்கறதுன்னு வேலையை மாத்திக்கிட்டாங்க.

மெஷின் வந்துச்சு. மாலை போடாத குறை. முதல் நாள் ராத்திரியே ஒரு விஷயம் தெளிவாச்சு, எல்லாம் உள்ளே போகாது. அலுமினிய வாணலி? போடவே கூடாது. மாத்திரையில இருக்கறது காரம். அது அலுமினியத்தோட மேல் படலத்தை அரிச்சு பாத்திரத்தைக் கருப்பாக்கிடும். இரும்பு தோசைக்கல்லைப் போட்டா, வருஷக்கணக்கா எண்ணெய் விட்டுப் பழக்கின பதமெல்லாம் போய், மறுநாள் துருப்பிடிச்சு நிக்கும்; அப்புறம் தோசை வராது, திட்டு வரும். கல்சட்டி, மண்சட்டி, மரக்கரண்டி, பித்தளை எல்லாம் வெளியே. மிக்ஸி ஜாரும் வெளியே. பிளேடுக்குக் கீழே இருக்கற பேரிங்ல கிரீஸ் போயிடும். எவர்சில்வர் குக்கர் போகலாம், ஆனா கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிடணும். அலுமினிய குக்கர் வெச்சிருந்தா அதுவும் கைதான்.

இதைக் கேட்டுக்கிட்டிருந்த பாட்டி, "அந்தக் காலத்துல சாம்பலும் தேங்காய் நாரும் வெச்சுத் தேய்ச்சோமே, அதுவும் காரம்தானே?"ன்னாங்க. ஆமாங்க! விறகுச் சாம்பல்ல இருக்கறது பொட்டாசியம் கார்பனேட், மாத்திரையில பெரும்பங்கு சோடியம் கார்பனேட். ரெண்டும் சித்தப்பா பெரியப்பா பசங்க. மாத்திரையில கூடுதலா இருக்கறது என்சைம். சோத்துப் பருக்கையோட மாவை ஒண்ணு வெட்டும், பருப்பு, பாலோட புரதத்தை இன்னொண்ணு வெட்டும். அதுக்கு நேரம் வேணும். அதனாலதான் எக்கோ ப்ரோக்ராம் மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுது. மெஷின் ஸ்லோன்னு திட்டாதீங்க. கரன்ட்டு அதிகமா போறதே தண்ணியைச் சூடாக்கத்தான். சூட்டைக் குறைச்சு நேரத்தைக் கூட்டினா மிச்சம். தட்டு, டம்ளர் நாளுக்கு அது போதும். எண்ணெய் வாணலி, குக்கர் நாளுக்கு 65, 70 டிகிரி இருக்கற இன்டென்சிவ். ஆனா, அடிப்பிடிச்ச பாலை எந்த மெஷினும் சுரண்டாது. ஊற வெச்சுத்தான் ஆகணும்.

ஒரு நாளைக்கு ஒரே தடவை ராத்திரி ஓட்டறதுன்னா இன்னொரு சிக்கல்: சாயங்காலக் காபிக்கு டம்ளர் இருக்காது. இதுக்குத் தீர்வு பரண்ல இருந்துச்சு. அம்மா கல்யாணத்துக்கு வந்த சீர் பாத்திரம், 25 வருஷமா கோணியில கட்டிக் கிடந்தது. இறக்கினோம். ஒவ்வொரு டம்ளர்லயும் புள்ளி புள்ளியா வெட்டின பேரு, மாமா பேரு, பெரியம்மா பேரு, தேதி. அம்மா அரை மணி நேரம் உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சாங்க.

எல்லாம் சரியாப் போகுதுன்னு நினைச்சா, ரெண்டாவது வாரம் பால்கனிக்குப் போன எனக்கு ஷாக். அம்மா சிங்க்ல நின்னு ஒவ்வொரு பாத்திரமா சோப்புப் போட்டுத் தேய்ச்சு, அலசி, அதுக்கப்புறம் மெஷின்ல அடுக்கறாங்க! தேய்ச்ச பாத்திரத்தைத் தேய்க்க முப்பத்தஞ்சாயிரம்! கை வெடிப்பு அப்படியே இருக்கறதுக்குக் காரணம் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

"ஏம்மா?"

"அழுக்காவே உள்ளே வெக்க வெக்கமா இருக்குடா."

என்ன சொல்றதுன்னு தெரியலை எனக்கு. தோசைக்கல்லையும் வாணலியையும் மட்டும் யாரோ கழுவணும். அதையும் சத்தமே இல்லாம இவங்களே கழுவிக்கிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு வாரமா நான் கவனிக்கவே இல்லை. ப்யூரெட் ரீடிங்கை மூணு தடவை சரிபார்த்தவன் நான்!

அன்னிக்கு ராத்திரி ஒரு எக்ஸ்பெரிமென்ட். ஒரு தட்டுல சாம்பார் சாதம் சாப்பிட்டு, மிச்சம் மீதியை வழிச்சுக் குப்பையில போட்டுட்டு, அலசாம அப்படியே காய வெச்சேன். முக்கியமா கறிவேப்பிலையையும் கடுகையும் எடுத்துடணும். கீழே ஃபில்ட்டர்ல போய் அடைக்கறதும், விசிறி ஓட்டையில போய் உக்கார்றதும் நம்ம ஊர்ல அந்த ரெண்டு பேர்தான். வாரம் ஒரு தடவை ஃபில்ட்டரைக் கழட்டிப் பாருங்க, ஒரு ரசத்துக்குத் தாளிக்கிற அளவுக்குக் கடுகு கிடைக்கும். தட்டை உள்ளே வெச்சேன். பக்கத்துலேயே மஞ்சள் கறை பிடிச்ச டிபன் பாக்ஸ். மெஷினை ஓட்டிட்டு, தோசைக்கல்லை எடுத்துக்கிட்டு சிங்க்குக்குப் போனேன். அப்பா பின்னாடியே வந்து வாணலியை எடுத்தார். ஸ்க்ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல எந்தப் பக்கம் தேய்க்கறது?"ன்னார். 52 வயசு அவருக்கு.

காலையில அம்மாதான் கதவைத் திறந்தாங்க. டிபன் பாக்ஸ்ல மஞ்சள் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதை மொட்டை மாடி வெயில்ல காய வெச்சா வெளுத்துடும். பிளாஸ்டிக்குங்கறதால ஈரமாவும் இருந்துச்சு, அது எப்பவுமே அப்படித்தான். தட்டை எடுத்தாங்க. வெளிச்சத்துல திருப்பினாங்க. விளிம்புக்கு அடியில விரலை விட்டு ஒரு சுத்து தடவினாங்க. க்ளவுஸ் இல்லாத விரல். மூக்குக்கிட்ட கொண்டு போய் மோந்து பார்த்தாங்க.

"ம்..."

அவ்ளோதான் ரிசல்ட்டு. அடுக்கி வெச்சுட்டு கிச்சனுக்குப் போனவங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு அங்கே இருந்தே கத்தினாங்க.

"டேய், மாவு காஞ்ச இட்லித் தட்டு போகுமா, இல்லை அதையும் உங்கப்பாகிட்ட குடுத்துடட்டுமா?"